சேலம் – தூத்துக்குடி: 338 கிலோமீட்டரும் அந்த 54 நிமிஷமும்

நீங்கள் கேட்டது இது. சேலம் விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் வான்வழியில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம்? தூரம் கணக்கிட்டுச் சொல்லும் தளங்களில் ஒன்று 318 என்கிறது, இன்னொன்று 340 என்கிறது. நேரத்தைப் பார்த்தால் ஒன்றில் 25 நிமிஷம், ஒன்றில் 54 நிமிஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி, தூத்துக்குடியில் நிச்சயதார்த்தம், காரில் ஆறேழு மணி நேரம் உட்கார வைக்க மனமில்லை. ஒரு மணி நேரத்தில் பறந்து போய்விடலாமே என்று பார்க்கிறீர்கள்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடுபாதைக்கு ஓடுபாதை நேர்கோட்டில் 338 கிலோமீட்டர். ஏடிஆர் மாதிரியான காற்றாடி விமானம் அதைக் கடக்க வானத்தில் ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். டிக்கெட்டில் அச்சடித்தால் ஒரு மணி ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று போடுவார்கள். ஆனால் இதை எழுதும்போது இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் கிடையாது. நீங்கள் பார்த்த 25, 54 இரண்டுமே ஓடாத வண்டியின் பயண நேரம்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் விமான டிஸ்பாட்ச் வேலை பார்த்தவன் நான். எந்த வழி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டு, விமானம் கிளம்பும் முன் பைலட் கையில் கொடுக்கும் வேலை. அதனால் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் விடமாட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். இந்த இரண்டு நிலையங்களுக்கும் ஒரு விசேஷம் உண்டு. சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. வடக்கு அட்சரேகை 11.78, கிழக்குத் தீர்க்கரேகை 78.07. தூத்துக்குடி நிலையம் திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில், அட்சரேகை 8.72, தீர்க்கரேகை 78.03. தீர்க்கரேகையைக் கவனியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுகின்றன. இவ்வளவு தூரம் தெற்கே போகிற பாதை மேற்கே நகர்வது வெறும் நான்கு கிலோமீட்டர். நூல் பிடித்த மாதிரி வடக்கு தெற்கு.

இதனால் கணக்கு ரொம்பச் சுலபம். கோள முக்கோணம், சைன், கோசைன் எதுவும் வேண்டாம். அட்சரேகை வித்தியாசம் 3.06 டிகிரி. நம் ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி அட்சரேகைக்கு 110.6 கிலோமீட்டர். பெருக்கினால் 338. விமானக்காரர்களுக்கு இன்னும் சுலபம்: ஒரு டிகிரிக்கு அறுபது நாட்டிக்கல் மைல் என்று வைத்துக்கொண்டு 3.06ஐ அறுபதால் பெருக்கினால் 183 சொச்சம் வந்துவிடும். ஒரு நாட்டிக்கல் மைல் 1,852 மீட்டர். அட்சரேகையின் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்ததில் ஒரு பங்கு என்றுதான் அந்த அளவே பிறந்தது.

அப்படியென்றால் 340 எங்கிருந்து வந்தது? பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் அமுங்கியும் நடுவில் புடைத்தும் இருக்கிறது. அதனால் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பூமத்திய ரேகை அருகே 110.6, துருவத்தருகே 111.7. பல தளங்கள் இதைக் கண்டுகொள்ளாமல், பூமியை உருண்டை என்று வைத்து டிகிரிக்கு 111.2 போட்டுவிடும். இரண்டு கிலோமீட்டர் அதிகமாக வரும். தப்பில்லை, இந்தத் தூரத்துக்கு அது ஒரு பொருட்டும் இல்லை. 318 வேறு கதை. அது விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமல்ல, ஊர்களுக்கு இடையிலானது. சேலம் ஊரிலிருந்து அதன் விமான நிலையம் வடமேற்கே 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதல்லவா? அந்தத் துண்டு விட்டுப்போயிருக்கிறது. தெற்கே போக நினைப்பவர் முதலில் வடக்கே போய்த்தான் விமானம் ஏற வேண்டும். நீங்கள் நாமக்கல் பக்கம் என்றால் அது எழுபது கிலோமீட்டர் வடக்கே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் அந்தக் கோட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். காமலாபுரத்திலிருந்து கிளம்பி, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கொஞ்சம் மேற்கே வந்து, கரூரைத் தொட்டுக்கொண்டு காவிரியைத் தாண்டும். பிறகு திண்டுக்கல்லை வலப்பக்கம் விட்டு சிறுமலை மேலே ஏறும். மதுரை விமான நிலையத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே கடந்து, விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே புகுந்து, எட்டயபுரம் பக்கமாக இறங்கி வாகைக்குளம். பாரதி பிறந்த ஊரைத் தாண்டும்போது விமானம் இறங்க ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

இந்த ஊர்ப் பெயர்களை எங்கோ வரிசையாகக் கேட்ட மாதிரி இருக்கிறதா? நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம். நீங்கள் காரில் போகும் வழியே இதுதான். நான்கு வழிச்சாலை கிட்டத்தட்ட விமானக் கோட்டை ஒட்டியே ஓடுகிறது. சாலையில் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குச் சுமார் 400 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான் அதிகம். மலையோ கடலோ குறுக்கே இருந்தால் இந்த விகிதம் ஒன்றரை, இரண்டு என்று போகும், அங்கே விமானத்துக்கு மவுசு வரும். இங்கே பூமியே விமானத்துக்குப் போட்டியாக நேர்வழி போட்டுக் கொடுத்துவிட்டது.

இனி நேரம். 25 நிமிஷம் சொன்ன தளம் என்ன செய்திருக்கிறது என்றால், 340ஐ ஜெட் விமானம் மட்டமாகப் பறக்கும் வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, வந்த 24ஐ 25 ஆக்கியிருக்கிறது. 54 சொன்ன தளம் அந்த 24ஓடு ஏறி இறங்க அரை மணி என்று 30ஐக் கூட்டியிருக்கிறது. எந்த விமானம், எந்த ஓடுபாதை, காற்று எப்படி என்று எதையும் அது கேட்கவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே என்று ஒரு விமான சேவை இருக்கிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். இரண்டு நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்ததுண்டு. இந்தச் சூத்திரத்திடம் கேட்டால் அதற்கும் அரை மணி நேரம் என்று சொல்லும்.

உண்மையில் இந்தப் பாதையில் போகக்கூடியது ஏடிஆர் 72. எழுபது, எழுபத்தெட்டு பேர் உட்காரும் காற்றாடி விமானம். மட்டமாகப் பறக்கும்போது 275 நாட் அளவில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்), அதாவது மணிக்கு 510 கிலோமீட்டர் போகும். 338ஐ 510ஆல் வகுத்தால் நாற்பது நிமிஷம். ஆனால் விமானம் அந்த வேகத்தில் போவது பயணத்தின் ஒரு பகுதியில்தான்.

டிஸ்பாட்ச் மேஜையில் போடுகிற மாதிரிப் போட்டுப் பார்ப்போம். பதினேழாயிரம் அடிக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற பதினாலு நிமிஷம் ஆகும். அதற்குள் 47 நாட்டிக்கல் மைல் போயிருக்கும், ஏற்றத்தில் வேகம் குறைவு. இறங்குவதற்கு எங்களிடம் ஒரு விரல்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று நாட்டிக்கல் மைல். பதினேழாயிரம் அடி என்றால் 51 மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும், அது பதின்மூன்று நிமிஷம். மொத்தம் 183இல் 98 போயிற்று. மிச்சம் 85 மைல்தான் மட்டமாகப் பறப்பது, பதினெட்டு பத்தொன்பது நிமிஷம். மதுரை தாண்டியதும் இறங்க வேண்டும். விமானப் பணிப்பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்து முடிப்பதற்குள் குப்பை வாங்க வந்துவிடுவார்.

இதோடு திரும்பும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஓடுபாதைக்கு இடப்படும் எண் அது பார்க்கும் திசை. சேலத்தினுடையது 04/22, அதாவது வடகிழக்கு – தென்மேற்கு. தென்மேற்குப் பார்த்துக் கிளம்பினால் இடதுபக்கம் நாற்பது டிகிரி ஒடித்தால் தெற்கு வந்துவிடும். வடகிழக்குப் பார்த்துக் கிளம்பினால் பெரிதாக வளைந்து திரும்ப வேண்டும். தூத்துக்குடியினுடையது 10/28, ஏறக்குறைய கிழக்கு மேற்கு. வடக்கிலிருந்து வருகிறவருக்கு எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு திருப்பம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் மேல்காற்று அடிக்கும்போது மேற்குப் பார்த்து, காற்றை எதிர்த்து இறங்குவார்கள். அதற்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து நிமிஷம். கூட்டினால் ஐம்பது, ஐம்பத்தொன்று.

தரையில் ஊர்ந்துபோகும் நேரம் இரு பக்கமும் ஐந்தைந்து நிமிஷம். சின்ன நிலையங்களின் சுகம் அது. சென்னையில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் இங்கே கரூர் வந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை எடுப்பதிலிருந்து மறுபடி கட்டை வைப்பது வரையிலான இந்த மொத்த நேரத்தைத்தான் பிளாக் டைம் என்போம். அது ஒரு மணி. விமானக் கம்பெனி அதன்மேல் ஐந்து பத்து நிமிஷம் போட்டு அச்சடிக்கும், தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லி – கொல்கத்தா மாதிரி கிழக்கு மேற்காகப் போகும் பாதைகளில் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடும், ஒருபக்கம் காற்று தள்ளிவிடும், மறுபக்கம் மறிக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நம் ஊரில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வருவதால் வடக்கு தெற்குப் பாதைக்கு அது விலாவில் அடிக்கும் காற்று. இருபது நாட் பக்கவாட்டில் அடித்தால் பைலட் விமானத்தின் மூக்கை நான்கு டிகிரி காற்றுப்பக்கம் சாய்த்துப் பிடிப்பார். வேகத்தில் ஒரு நாட்கூடக் குறையாது. போக ஐம்பது என்றால் வரவும் ஐம்பது.

ஏன் ஏடிஆர், ஏன் ஜெட் இல்லை என்பதற்குக் காரணம் ஓடுபாதை. தூத்துக்குடி நிலையம் 1992இல் தொடங்கியது. அதன் ஓடுபாதை வெகுகாலம் 1,350 மீட்டர்தான். ஏடிஆருக்கே அது இறுக்கமான சட்டை. இப்போது அதை 3,115 மீட்டருக்கு நீட்டி, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. ஏர்பஸ் 320 தாராளமாக இறங்கலாம். ஆனால் சேலத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். நிலமும் கடல்மட்டத்துக்கு முந்நூறு மீட்டர் மேலே. இருவரில் யாருடைய முற்றம் சின்னதோ அதற்கேற்ற வண்டிதான் இரண்டுக்கும் நடுவே ஓட முடியும்.

இதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. சூடான காற்று லேசானது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்குச் சக்தி குறையும். ஒரு மே மாதம், குட்டையான ஓடுபாதை உள்ள ஒரு நிலையத்தில், மதியம் இரண்டு மணிக்கு நான் போட்ட கணக்கில் முந்நூறு கிலோ அதிகம் வந்தது. ஆளை இறக்குவதா பெட்டியை இறக்குவதா? பெட்டிகளை இறக்கினோம். அதில் ஒன்று கல்யாணப் புடவைப் பெட்டி. மறுநாள் காலை விமானத்தில்தான் போயிற்று. முகூர்த்தம் அதற்கு மறுநாள் என்பதால் நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் விசேஷம் என்பதால் சொல்கிறேன், சின்ன விமானத்தில் போகும்போது சீர்ப் பொருளில் முக்கியமானதைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நேரடி விமானம் ஏன் இல்லை? சேலத்தின் வரலாற்றைப் பார்த்தாலே புரியும். 1990களில் கட்டிய நிலையம். 2009இல் கிங்ஃபிஷர் சென்னைக்கு விட்டது, இரண்டு வருஷத்தில் நின்றது. மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, 2021இல் அதுவும் நின்றது. மறுபடி 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் தொடங்கின. உடான் என்றால் விமானம் ஓட்டும் செலவுக்கும் டிக்கெட் வரவுக்கும் உள்ள இடைவெளியை அரசு மூன்று வருஷத்துக்கு ஈடுகட்டும்; பதிலுக்குக் குறிப்பிட்ட இருக்கைகளை ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் விற்க வேண்டும் என்பது தொடக்கத்தில் அறிவித்த ஏற்பாடு. சென்னைக்கே தாங்கித் தாங்கி ஓடுகிற ஊரில், தினம் எழுபது பேர் தூத்துக்குடிக்கு ஏறுவார்களா என்று கம்பெனி பார்க்கும். சென்னை விமானத்தில் ஏறுபவர் அங்கிருந்து டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் மாறுவார், அந்த டிக்கெட்டிலும் காசு வரும். தூத்துக்குடி விமானத்தில் ஏறுபவர் தூத்துக்குடிக்கு மட்டும்தான் போவார். போதாக்குறைக்கு, எண்ணெய் அதிகம் குடிப்பது ஏற்றத்தில். இந்தப் பாதையில் கால்வாசிக்கு மேல் ஏற்றம். என் கணிப்பைக் கேட்டால், அந்த நான்கு வழிச்சாலை இருக்கும்வரை இந்தப் பாதைக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே இன்று பறந்துதான் ஆக வேண்டும் என்றால் சென்னையில் மாற வேண்டும். சேலம் – சென்னை வான்வழி 265 கிலோமீட்டர், வடகிழக்கே. சென்னை – தூத்துக்குடி 527, தெற்கே. 338ஐக் கடக்க 792 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது. நேரத்தைக் கூட்டுங்கள்: வீட்டிலிருந்து காமலாபுரம் முக்கால் மணி, முன்கூட்டி ஒரு மணி, சென்னை வரை ஒரு மணிக்குச் சற்று மேல், மாறுவதற்கு வாய்ப்பாக அமைந்தால் இரண்டு மணி, அங்கிருந்து ஒன்றரை மணிக்கு மேல், வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் அரை மணி. ஏழு மணி நேரம். அதுவும் இரண்டு விமானமும் அன்று பொருந்தி வந்தால். காரில் போனாலும் அதே ஏழு மணிதான், அம்மா வேண்டும்போது வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கலாம். சின்ன நிலையங்களில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ரயிலைப் பார்ப்பேன். மைசூரு – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு மேல் சேலம் வரும், காலையில் தூத்துக்குடி போய்ச் சேரும். ஏசி பெட்டியில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம். நடுராத்திரி ஏறுவதுதான் ஒரே சங்கடம். அது முடியாது என்றால் விடியற்காலையில் காரை எடுத்து, திண்டுக்கல்லிலும் மதுரை தாண்டியும் இரண்டு இடத்தில் நிறுத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்.

இல்லை, சென்னை வழியாகவே போகிறோம், அங்கே தங்கை வீட்டில் ஒரு நாள் தங்கிக்கொள்வோம் என்றால் அதுவும் நல்ல யோசனைதான். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிடுங்கள், வாசலில் போய்க் கேட்டால் காக்க வேண்டியிருக்கும். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக, கதவோடு சேர்ந்த குட்டி ஏணி, படிகள் கொஞ்சம்தான் என்றாலும் செங்குத்தாக இருக்கும். அதனால் அம்மாவுக்குக் கடைசி வரிசைகளில் இடம் கேளுங்கள். ஏறியதும் உட்காரலாம், உள்ளே நடக்கிற வேலை மிச்சம்.